மோனப்பாவின் அருவருப்பு

குண்ட்யாவில் மோனப்பா கௌடாவைத் தெரியாதவர்கள் இல்லை. அவர் சிரித்துப் பார்த்தவர்கள்தான் அதிகம் இல்லை. அழுகிய மீன் கூடையைத் தாண்டிப் போகிறவர் மாதிரி எந்நேரமும் மூக்கையும் மேலுதட்டையும் சுருக்கியே வைத்திருப்பார். பிறவியிலேயே அப்படி என்று சொல்பவர்கள் உண்டு. அவர் மனைவி ஜலஜாட்சி அதை ஒத்துக்கொள்ள மாட்டாள். "கல்யாணத்தப்போ மூஞ்சி நல்லாத்தான் இருந்துச்சு. ரெக்கவரி வண்டி வாங்கின பிறகுதான் இப்படிக் கோணிப் போச்சு" என்பாள்.

அந்த வண்டி ஒரு பழைய லாரி. முதுகில் பாரம் தூக்கும் இரும்புக் கை, உருளையில் சுற்றிய எஃகுக் கயிறு, சக்கரத்துக்கு அண்டை கொடுக்க நான்கு மரக்கட்டைகள், இரண்டு சிவப்பு முக்கோணங்கள். மாரனஹள்ளியிலிருந்து குண்ட்யா வரை இறங்கும் சிராடி மலைச்சாலையில் எது கவிழ்ந்தாலும், எது நின்றுபோனாலும் பதினெட்டு வருஷமாக மோனப்பாவுக்குத்தான் போன் வந்துகொண்டிருந்தது.

ரத்தம், கருகிய பிரேக், சீட்டில் காய்ந்த வாந்தி இதெல்லாம் அவருக்குப் பழகிப்போயிருந்தது. காலையில் நொறுங்கிய காரிலிருந்து ஒரு பிணத்தை வெளியே எடுத்துக் கொடுத்துவிட்டு மத்தியானம் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்ட நாளும் உண்டு. அவருக்குக் குமட்டலை வரவழைத்தது மனிதர்கள்தான். ஒருமுறை கல்யாணக் கோஷ்டியின் வண்டி ஒன்று சூடேறி நின்றது. "அரை மணி நேரம் பொறுங்க, மூடியைத் தொடவே தொடாதீங்க" என்று போனிலேயே சொல்லியிருந்தார். அவர் போய்ச் சேர்வதற்குள் மாப்பிள்ளை தன் தோழனை விட்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கச் சொல்லிவிட்டார். கொதிநீர் பீறிட்டு அந்தப் பையனின் கழுத்துத் தோல் பாலாடை மாதிரி சுருண்டு நின்றது. மாப்பிள்ளை மோனப்பாவிடம் முதலில் கேட்டது இதைத்தான்: "அண்ணா, பட்டு வேட்டியில துருத் தண்ணி தெறிச்சிருச்சு. கறை போகுமா?"

அன்றைக்கு மோனப்பா வீட்டில் சாப்பிடவில்லை. மூன்று தடவை சோப்பு போட்டுக் கையைக் கழுவினார். "ஆயில் நாத்தமா?" என்று ஜலஜாட்சி கேட்டாள்.

"மனுஷ நாத்தம். போக மாட்டேங்குது."

வேலையில் அவர் மகா கண்டிப்பு. கெட்டு நின்ற வண்டியிலிருந்து கடைசி ஆள் இறங்கி, சாலையை விட்டு விலகி, மலையோரமாகப் போய் நின்றால்தான் கொக்கியைக் கையில் எடுப்பார். சக்கரத்துக்கு அண்டை. வளைவுக்கு அப்பால் ஐம்பது அடி தள்ளி முக்கோணம். இழுக்கும்போது எஃகுக் கயிற்றின் நடுவில் நனைந்த கோணிச் சாக்கு ஒன்றைப் போர்த்தி வைப்பார். கயிறு அறுந்தாலும் சாக்கின் கனத்தில் தரையில் விழும், ஆள்மேல் பாயாது. லாரிக்காரர்கள் இதைப் பார்த்து அவருக்குப் பட்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். "பட்டரு வந்துட்டாரு, மாராயா. இனி பூ, தேங்காய், மந்திரம் எல்லாம் முடிஞ்சாத்தான் தேர் நகரும்" என்று ஒருவருக்கொருவர் கத்துவார்கள். மோனப்பா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஆரம்ப காலத்தில் அவரோடு கூட்டாளியாக இருந்த மொய்தீன்குஞ்ஞி, இழுபடும் கயிற்றைத் தாண்டிக் காலை வைத்த அந்தக் கணத்தில் அது அறுந்தது. முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அந்தக் காலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மங்களூர் வரை போனவர் மோனப்பா.

இனி சொல்லப்போவது நான்கு வருஷத்துக்கு முன், ஆடி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

சக்லேஷ்புரத்தில் ஒரு ஜீப்பை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக மோனப்பா திரும்பிக்கொண்டிருந்தார். காலை பதினொரு மணி. மழை வலுத்து, கெம்புஹொளே ஆறு செம்மண் குழம்பாக ஓடிக்கொண்டிருந்தது. இறக்கத்தில் ஒரு வளைவுக்கு அப்பால் வெள்ளைக் கார் ஒன்று நின்றது. அதன் முன்னால் பெரிய கறுப்பு வண்டி. இரண்டுக்கும் நடுவில், முழங்கால் மடக்கி உட்கார்ந்து, ஒருவன் நீல நைலான் கயிற்றைக் காரின் அடியில் எங்கேயோ சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். அபாய விளக்கு எரியவில்லை. பின்னால் வரும் வண்டிக்கு ஒரு மரக்கிளையைக்கூடப் போட்டு வைக்கவில்லை. மூன்று பேர் சாலை நடுவில் குடை பிடித்துக்கொண்டு ஆற்றைப் படம் எடுத்தார்கள்.

மோனப்பா வண்டியை ஓரம் கட்டி, விளக்கைப் போட்டு, முக்கோணத்தோடு இறங்கி, அதை வளைவில் வைத்தார்.

கார்க்காரர் பெயர் நிரஞ்சன். பெங்களூரிலிருந்து சுப்ரமண்யாவுக்குச் சாமி கும்பிடப் போகிறவர்கள். தேங்கிய தண்ணீரில் விட்டதில் என்ஜின் நின்றுவிட்டது. கயிறு கட்டிக்கொண்டிருந்தவன் அவருடைய நண்பன் சுஹாஸ். கறுப்பு வண்டி அவனுடையது.

"சார், இறக்கத்துல கயிறு கட்டி இழுக்கக் கூடாது" என்றார் மோனப்பா. "என்ஜின் ஓடலன்னா பிரேக் ரெண்டு மிதிதான் கேக்கும். மூணாவது மிதிக்குக் கல்லு மாதிரி ஆயிரும். ஸ்டியரிங்கும் கனத்துப் போகும். முன் வண்டி நின்னா இது போய் அது மேலயே ஏறும்."

சுஹாஸ் நிமிர்ந்து லாரியின் இரும்புக் கையைப் பார்த்தான். பிறகு நிரஞ்சனைப் பார்த்துச் சிரித்தான். "பாத்தியா? காக்கா எங்க இருந்துதான் மோப்பம் பிடிச்சு வருமோ."

"நான் வியாபாரத்துக்குச் சொல்லல சார். என் வண்டியில வேணாம்னா வேற யாரையாவது கூப்பிடுங்க. கயிறு மட்டும் வேணாம். நீங்க கட்டியிருக்கிற இடமும் தப்பு. பம்பர்ல ஒரு சின்ன மூடி இருக்கும், அதுக்குள்ளதான் கொக்கியை முறுக்கணும். கொக்கி டிக்கியில ஸ்டெப்னி பக்கத்துல கிடக்கும்."

"நாங்க என்ன மலை ரோடு பாக்காதவங்களா? போய்யா, வேற ஆளைப் பாரு."

மோனப்பா நிரஞ்சனின் பக்கம் திரும்பினார். "உள்ள ஒரு அம்மா உக்காந்திருக்காங்களே, அவங்களையாவது இறக்குங்க."

பின் சீட்டில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். நிரஞ்சனின் மாமியார் கௌரம்மா. முழங்கால் வலி, ஏறி இறங்க முடியாது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி இவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மழையில எங்க இறக்கச் சொல்ற? மெதுவாத்தான் போகப்போறோம்" என்றார் நிரஞ்சன்.

அப்போது குடைக்காரர்களில் ஒருவன் மோனப்பாவின் முக்கோணத்தைக் காலால் நகர்த்தி வைத்தான். படத்தில் அது குறுக்கே வந்ததாம். இன்னொருவன் போனை மோனப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்து, "இவர் மூஞ்சியைப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ், எலுமிச்சம்பழம் தின்னுட்டு வந்திருக்காரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சுஹாஸ் வெற்றிலைச் சாறு மாதிரி எதையோ துப்பினான். அது மோனப்பாவின் செருப்பில் தெறித்தது.

மோனப்பா குனிந்தார். முக்கோணத்தை எடுத்தார். "எக்கேடோ கெட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினார்.

இரண்டு வளைவு கீழே பேபியக்காவின் தகரக் கொட்டகைக் கடை இருந்தது. வண்டியை நிறுத்தி, பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி மழைநீரில் பிடித்தார்.

"என்ன மோனப்பா, இன்னைக்கு வழக்கத்தைவிட ஒரு சுருக்கம் கூடுதலா இருக்கே" என்றாள் பேபியக்கா, மல்லிக் கஷாயத்தை ஆற்றியபடி.

"மேல ஒரு கும்பல், அக்கா. நைலான் கயித்துல காரைக் கட்டி இறக்கத்துல கொண்டு வருதுங்க. சொன்னேன். துப்பினான்."

"இன்னொரு தரம் சொல்லிப் பாக்கறதுதானே?"

"பன்னிக்குச் சந்தனம் பூசுறது என் வேலையா? வரட்டும். பட்டாத்தான் தெரியும்."

இதைச் சொன்னபோது அவர் கையில் உருண்டையாகப் பொரித்த ஒரு கோளி பஜ்ஜி இருந்தது. அதைக் கடித்து மென்றுகொண்டே மேல் வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று நிமிஷத்தில் லாரியைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தியிருக்கலாம்; மேலே ஏறி நடந்து போய்ச் சத்தம் போட்டிருக்கலாம்; போலீஸுக்கு ஒரு போன் செய்திருக்கலாம். இதெல்லாம் அவருக்கு அப்போதே தோன்றியது என்பதுதான் விஷயம். தோன்றியும் உட்கார்ந்திருந்தார். பஜ்ஜி சூடாக இருந்தது.

முதலில் கறுப்பு வண்டி வளைவில் தலை காட்டியது. பின்னாலேயே வெள்ளைக் கார், கயிறு தொய்ந்து தரையில் புரள, முன் வண்டியை முட்டப் போகிற வேகத்தில் வந்தது. எதிரே ஒரு டேங்கர் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துச் சுஹாஸ் பிரேக்கை மிதித்தான். கார் நிற்கவில்லை. கறுப்பு வண்டியின் முதுகில் இடித்தது. பயந்துபோன சுஹாஸ் வண்டியை முன்னால் விரட்டினான். தொய்ந்த கயிறு காரின் முன் சக்கரத்தில் சுற்றி, விண்ணென்று இழுபட்டு, வெடி வெடித்த மாதிரி அறுந்தது. அறுந்த நுனி கறுப்பு வண்டியின் பின் கண்ணாடியைத் தூளாக்கியது. கார் வெட்டித் திரும்பி, மலையோரப் பாறையில் உரசி, வாய்க்காலில் சரிந்து, பக்கவாட்டில் படுத்துக்கொண்டது.

பேபியக்கா அலறினாள். மோனப்பா அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தார்.

வேலை தெரிந்த மனிதர். கை தானாக நடந்தது. உடைந்த கண்ணாடி வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பி எடுத்தார். பெட்ரோல் வாடை இருக்கிறதா என்று குனிந்து முகர்ந்தார். டேங்கர்க்காரரை மேலே ஒரு வளைவு தாண்டிப் போய்த் துண்டை வீசி வண்டிகளை நிறுத்தச் சொன்னார். பேபியக்காவை அதே வேலைக்குக் கீழ் வளைவுக்கு அனுப்பினார். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். கார் மேலும் சரியாமல் இருக்க மரக்கட்டையை முட்டுக்கொடுத்தார். நிரஞ்சனுக்கு நெற்றியில் ஒரு கீறல்தான், பெல்ட் போட்டிருந்தார். தானே வெளியே வந்து சாலையில் உட்கார்ந்து, "என் வண்டி, என் வண்டி" என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

பின் சீட்டில் கௌரம்மா கதவின்மேல் சுருண்டு கிடந்தார். கை முழங்கையில் தப்பான பக்கம் திரும்பியிருந்தது. காதோரம் ரத்தம். சுஹாஸ் ஓடி வந்து அவர் தோளைப் பிடித்து இழுக்கப் போனான்.

"தொடாதே! கழுத்து முறிஞ்சிருந்தா உன் கையிலேயே போயிருவாங்க. ஆம்புலன்ஸ் வரட்டும்."

மோனப்பா பின் கண்ணாடி வழியாக உள்ளே நுழைந்து, அவர் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு வாய்க்கால் தண்ணீரில் மண்டியிட்டார். காதோரம் இருந்த கைக்கடியில் தன் துண்டை வைத்து அழுத்தினார்.

அதற்குள் ஒரு சுற்றுலா பஸ் நின்று காலியாகிவிட்டது. நாற்பது போன்கள். கொட்டகைப் பெஞ்சின்மேல் ஏறி நின்று எடுத்தார்கள். ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கிப் பிடித்து, "பாரு, பாரு, பாட்டிக்கு அடி" என்று காட்டினாள். சிதறிக் கிடந்த சாமிப் பழத்தில் ஒன்றை எடுத்து ஒருவன் உரித்தான். வாய்க்கால் கரையிலிருந்து ஒரு குரல், "ஏய் கிரேன், கொஞ்சம் தலையைச் சாய்ச்சுக்கோ, முகம் தெரியல" என்றது. மோனப்பாவுக்கு எழுந்து அவர்களை அந்தச் சேற்றில் முக்க வேண்டும் போலிருந்தது. கையை எடுக்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

கௌரம்மா கண் திறந்தார். மோனப்பாவைப் பார்த்தார்.

"மேல வந்து சொன்னவர் நீங்கதானே?"

"ஆமாம்மா. பேசாதீங்க. தலையை ஆட்டாதீங்க."

"நானும் சொன்னேன். அந்த ஆள் சொல்றதைக் கேளுங்கன்னு. கிழவி பேச்சை யாரு கேக்கறாங்க." மூச்சு வாங்கினார். அதில் கோபமே இல்லை. வீட்டு விஷயம் பேசுகிறவர் மாதிரி சொன்னார்: "நீங்க எப்படியும் தடுத்துருவீங்கன்னு நெனச்சேன். நீங்களும் போயிட்டீங்க."

மோனப்பா துண்டை இன்னும் அழுத்திப் பிடித்தார்.

நெல்யாடியிலிருந்து ஆம்புலன்ஸ் வர முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. அதுவரை அந்தத் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பலகையில் ஏற்றி அனுப்பிய பிறகு கடைக்குப் பின்னால் போனார். பதினெட்டு வருஷத்தில் ஒருமுறைகூட நடக்காதது அப்போது நடந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். தின்ற பஜ்ஜி அப்படியே வந்தது. அதைப் பார்த்ததும் மறுபடி எடுத்தார்.

அதையும் ஒருவன் படம் எடுத்திருந்தான்.

இரண்டு நாளில் அது ஊர் ஊராகச் சுற்றியது: 'குடிபோதையில் வந்த கிரேன்காரன், உயிருக்குப் போராடும் மூதாட்டி.' ஒரு தடவைகூடச் சாராயத்தைத் தொட்டவரில்லை மோனப்பா. பார்த்தவர்களெல்லாம் கீழே காறித் துப்பி எழுதினார்கள். நிரஞ்சன் போலீஸில், இறக்கத்தில் ஆபத்து இருப்பதை யாரும் தங்களுக்குச் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்தார். குண்ட்யா கொதித்தது. பேபியக்கா, "நான் சாட்சி சொல்றேன். ஸ்டேஷனுக்கு வா, மாராயா!" என்று வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

மோனப்பா அசையவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது ஜலஜாட்சி பொறுக்க முடியாமல் கேட்டாள்: "ஏன் வாயை மூடிட்டு இருக்கீங்க? பச்சைப் பொய்யி. குடிச்சீங்களா நீங்க?"

"குடிக்கல."

"அப்புறம்?"

"குடிச்சிருந்தாக்கூட ஒரு சாக்கு இருக்கும். நல்ல நெனப்போட உக்காந்து தின்னுக்கிட்டிருந்தேன், ஜலஜா. 'பட்டாத்தான் தெரியும்'னேன். மத்தவன் மேல நாத்தம் அடிக்குதுன்னு மூக்கைப் பொத்திக்கிட்டே இவ்வளவு நாள் திரிஞ்சிருக்கேன்."

ஜலஜாட்சி கஞ்சியை ஊற்றினாள். ஊறுகாய்ப் பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஒரு வாரம் கழித்து மங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். கௌரம்மாவுக்குக் கையில் தகடு வைத்திருந்தார்கள்; கழுத்துக்கு ஒன்றுமில்லை; பிழைத்துக்கொள்வார் என்றாள் நர்ஸ். மருந்தில் தூங்கிக்கொண்டிருந்தார். வாசலிலேயே நிரஞ்சன் அவரை அடையாளம் கண்டுகொண்டு, "இங்க எதுக்கு வந்த? காசு பிடுங்கவா?" என்றார். மோனப்பா கொண்டுபோன இளநீர் இரண்டையும் பெஞ்சில் வைத்துவிட்டுத் திரும்பினார். அந்த அம்மாளைப் பிறகு அவர் பார்க்கவில்லை. போலீஸ் வழக்கு தானாகவே அடங்கியது. பேபியக்கா சொன்னபடியே போய்ச் சாட்சி சொல்லியிருந்தாள், அவரிடம் கேட்காமலே.

மோனப்பா அதற்குப் பிறகு நல்லவராகிவிட்டார், மனிதர்களை நேசிக்கத் தொடங்கிவிட்டார் என்றெல்லாம் சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். முகம் அதே கோணல்தான். சாலையில் நின்று படம் எடுக்கிறவனைப் பார்த்தால் அதே குமட்டல்தான். ஒன்று மட்டும் மாறியது. இப்போது யாரிடமும் இரண்டாவது வார்த்தை பேசுவதில்லை. கயிறு கட்டி இறக்கத்தில் வரத் துணிகிற வண்டியைக் கண்டால் தன் லாரியைக் குறுக்கே நிறுத்திவிடுகிறார். சாவியை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொள்கிறார். பின்னால் இருபது வண்டிகள் ஹாரன் அடித்து அவர் அம்மாவையும் அக்காவையும் இழுத்தாலும் நகர்வதில்லை. "பட்டருக்குப் பைத்தியம் முத்திப் போச்சு" என்கிறார்கள். ஹாசனில் ஹோட்டல் வைத்திருக்கிற ஒருவர் இவர்மேல் புகார் கொடுத்தார். ஸ்டேஷனில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள்.

போன மழைக்காலத்தில், தோணிகல் பக்கம், ஒரு காபித் தோட்ட முதலாளி தன் கெட்டுப்போன வேனைப் பழைய சேலையை முறுக்கிக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். உள்ளே தோட்டத்து வேலைக்காரப் பெண்கள் ஒன்பது பேர். மோனப்பா குறுக்கே நின்றார். பெண்களை இறக்கினார். முதலாளி இறங்கி வந்து, ஒரு வார்த்தையும் கேட்காமல், கன்னத்தில் ஓங்கி அறைந்தார். பக்கத்தில் நின்ற அந்தப் பெண்களில் ஒருத்தியே, "நேரமாச்சு, இந்த ஆளுக்கு என்ன வந்துச்சு" என்று முணுமுணுத்தாள். மோனப்பா அந்தச் சேலை முடிச்சை அவிழ்த்து, வேனைத் தன் லாரியில் தூக்கிக்கட்டி, குண்ட்யா வரை மெல்ல இறக்கிக் கொடுத்தார். முதலாளி நன்றி என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜலஜாட்சி விளக்கு வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"கன்னம் ஏன் வீங்கியிருக்கு?"

"ஒருத்தன் அடிச்சான்."

"அடிச்சா? நீங்க என்ன பண்ணினீங்க?"

"முடிச்சை அவுத்தேன்" என்றார் மோனப்பா, கை கழுவக் கிணற்றடிக்குப் போய்க்கொண்டே.